மேடையில் நா ஏன் உலர்கிறது?



பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் பெயரை அழைக்கிறார்கள். நேற்றிரவு வீட்டில் தங்குதடையின்றிச் சொன்ன பேச்சு, ஒலிபெருக்கியின் முன் நின்றதும் மறந்துபோகிறது. நா உலர்கிறது, கை நடுங்குகிறது. "எனக்குப் பேச வராது" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். அந்த முடிவு சரிதானா?

இலண்டனில் சட்டம் படித்த ஓர் இந்திய இளைஞர், கூட்டமொன்றில் பேசுவதற்கு ஒரு தாளில் எழுதிச் சென்றார். எழுந்ததும் பார்வை மங்கியது, உடல் நடுங்கியது. வேறொருவர்தாம் அதைப் படித்தார். 1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு அளித்த விருந்திலும் முதல் வாக்கியத்தோடு அவர் பேச்சு நின்றுவிட்டது. அவர்தாம் காந்தியடிகள்! தம் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

காரணம் என்ன? மூளைக்குள் பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்னும் பகுதி உண்டு. அது ஆபத்தை அறிவிக்கும் காவல்காரன். பல கண்கள் நம்மையே நோக்குவதையும் அது ஆபத்தாகக் கொள்ளக்கூடும். உடனே சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, உமிழ்நீர் குறைகிறது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓட இது உதவும். மேடையிலோ இடைஞ்சல்!

இன்னொன்றும் நிகழ்கிறது. அடுத்துச் சொல்ல வேண்டியதை மனத்தில் ஏந்தி நிற்பது செயல்நினைவு. அது மிகச் சிறிய கரும்பலகை. ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகள் அதில் நிற்கும் என்றார் ஜார்ஜ் மில்லர் (1956). பிந்தைய ஆய்வுகள் அதை நான்கு அளவுக்குக் குறைத்துள்ளன. "சிரிப்பார்களோ? மறந்துவிடுமோ?" என்னும் கவலைகளே அந்தப் பலகையை நிரப்பிவிட்டால் பேச்சுக்கு இடமேது?

வழிகள் எளியவை. முதல் நான்கு வாக்கியங்களை நின்றபடி, வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுங்கள். பழகியது மிதிவண்டி ஓட்டுவதுபோல் பலகையில் அதிக இடம் கேட்காது. மூன்று கருத்துகள் போதும். கேட்பவரின் பலகையும் சிறியதே. ஒவ்வொன்றுக்கும் பின் சற்றே நிறுத்துங்கள். பேசுமுன் மூச்சை மெல்ல வெளியே விடுங்கள்; மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

காந்தியடிகள் 1893-இல் பிரிட்டோரியாவில், வணிகத்தில் வாய்மை என்னும் பொருளை நன்கு தயாரித்துக்கொண்டு பேசினார். தம் முதல் மேடைப்பேச்சு அதுவே என்கிறார். 1925-இல் நம் கொங்கு நாட்டில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் ஆசிரமத்துக்கு வந்தும் பேசினார். ஆனால் கூச்சம் தம்மை முற்றிலும் விட்டுப் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நானும் என் முதல் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தேதான் பேசினேன்!

செய்து பாருங்கள்: அமைதியாக அமர்ந்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணுங்கள். மூன்று நண்பர்கள் முன் பேச எழுமுன் மீண்டும் எண்ணுங்கள். ஆறுமுறை மெல்ல மூச்சுவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஐந்து நாள் இவ்வாறு செய்து, அட்டவணையாகக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை குறைகிறதா? குறையாவிட்டாலும் பேசிவிடுங்கள். நடுக்கம் நின்ற பிறகுதான் பேச வேண்டும் என்பதில்லை.