தலையில் அடி: பெற்றோர் அறிய வேண்டுவது

மலாக்காத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பந்தாடும் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், “இரத்தமில்லை, மயக்கமில்லை” என்று கோடாலித் தைலம் தடவி அனுப்புவோர் நம்மில் பலர். மூளையதிர்ச்சி வெளியில் தெரியாது. பெரும்பாலும் மயக்கமும் வராது. தலைக்கவசம் மண்டையைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

2020 டிசம்பரில் கான்பராவில், இந்திய கிரிக்கெட் வீரர் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவர் இறுதிவரை ஆடினார். பிறகே மருத்துவக் குழு மூளையதிர்ச்சி என்று கண்டு நிறுத்தியது.

“ஒன்றுமில்லை அத்தா” என்று பிள்ளை மறைப்பான், துருவிக் கேளுங்கள். அன்று ஆட்டம் கூடாது. இரண்டு நாள் ஓய்வு. டாக்டர் சொன்ன பிறகே திடல். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத உறக்கம், வலிப்பு இவற்றில் ஒன்று கண்டாலும் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். வியாபாரம் நாளையும் நடக்கும்.