ஆற்று மணலுக்கு மாற்று: செயற்கை மணலின் பொருளாதாரம்

சிமெண்ட், உருக்கு ஆகியவற்றின் உற்பத்தியை நாம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வருகிறோம். அவற்றோடு சேர்ந்து கட்டடமாக உருப்பெறும் மணலுக்கு அத்தகைய கவனம் நெடுங்காலம் கிட்டவில்லை. ஆற்றில் கிடக்கும் பொருள்தானே, அள்ளும் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் போதும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் கான்கிரீட்டின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மணலே ஆகும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்தப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எனவே மணலுக்கு மாற்றுத் தேடுவது பொறியியலார்க்கு மட்டும் உரிய பணியன்று, திட்டமிடுவோர்க்கும் உரியதாகும்.

விலையில் சேராத செலவு

ஆற்றுப் படுகையிலுள்ள மணல் வெள்ள நீரைத் தன்னுள் ஏற்று, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல வழங்குகிறது. வெள்ளம் கொணர்ந்து சேர்க்கும் அளவுக்கு மேல் மணலை அள்ளினால் படுகை தாழ்கிறது; அதனோடு கிணற்று நீர்மட்டமும் இறங்குகிறது. கடலோரப் பகுதிகளில் உவர்நீர் ஆற்றின் வழியே உட்புகுகிறது. பாலத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரிகிறது.

இந்த இழப்புகளுள் எதுவும் ஒரு லாரி மணலின் விலையில் சேர்வதில்லை. மணல் வாங்குபவர் நகரத்தில் வீடு கட்டுகிறார். கிணற்றை ஆழப்படுத்தும் செலவை ஆற்றங்கரை உழவர் ஏற்கிறார். ஒருவர் செயலால் மற்றொருவர் மீது விழும் இத்தகைய சுமையைப் பொருளியலார் புறச்செலவு என்பர். ஆற்று மணல் மலிவாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டப்படி மணல் ஒரு சிறு கனிமம். அதற்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் மாநில அரசுகளுடையது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த பரப்புள்ள சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இதன் பின்னரே ஆற்று மணலின் உண்மை விலை சிறிது சிறிதாக வெளிப்படலாயிற்று.

கேரளத்தின் அனுபவம்

கேரளத்தில் 44 ஆறுகள் உள்ளன. அவற்றுள் மேற்கு நோக்கி ஓடும் 41 ஆறுகளும் பெரும்பாலும் நீளத்தில் குறுகியவை. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளில் ஈட்டிய பணம் ஊர்தோறும் புது வீடுகளாக எழுந்தது. அதற்கான மணலைப் பாரதப்புழை, பெரியாறு முதலிய ஆறுகள் அளித்தன. படுகைகள் தாழ்ந்தன. ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்துவதற்கும் 2001ஆம் ஆண்டில் அம்மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. மாவட்ட அளவில் வல்லுநர் குழுவும், கடவு எனப்படும் மணல் துறைகளுக்குக் குழுக்களும் அதில் வகை செய்யப்பட்டன.

ஆற்று மணல் அரிதானபோது கட்டுமானத் துறை கல் உடைக்கும் ஆலைகளின் மணலை நாடியது. ஆறுகளின் சுமை இவ்வாறு ஓரளவு குறைந்தது. ஆனால் கல்லுக்கான தேவை மலைச் சரிவுகளில் உள்ள குவாரிகளின் மீது ஏறியது. வெடி அதிர்ச்சி, கல் தூசி, பாரவண்டிப் போக்குவரத்து ஆகியவை அங்குள்ள மக்களின் குறைகளாயின. மாற்றுப் பொருளுக்கும் ஒரு புறச்செலவு உண்டு என்பதே கேரளம் நமக்குத் தரும் பாடம்.

செய்யும் முறையும் தரமும்

கட்டடத் தொழிலாளர் ‘எம்-சாண்ட்’ என்று வழங்கும் செயற்கை மணல், கருங்கல் போன்ற உறுதியான பாறையை உடைத்துச் செய்யப்படுவது. முதலில் தாடை வகை உடைப்பானிலும் பின்னர்க் கூம்பு வகை உடைப்பானிலும் கல் சிறிதாக்கப்படுகிறது. இறுதியில், செங்குத்து அச்சில் சுழலும் எந்திரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று மோதிக் கூர்முனை மழுங்குகின்றன. பிறகு சல்லடையில் தரம் பிரித்து, மிகை நுண்தூளை நீராலோ காற்றாலோ அகற்றுகின்றனர்.

ஜல்லி உடைக்கும்போது கழிவாக விழும் கிரஷர் தூள் இந்த இறுதி நிலைகளைக் கடப்பதில்லை. நிறத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், தூளையே எம்-சாண்ட் என்று விற்பதும் உண்டு. தட்டையான, கூரிய துகள்கள் மிகுந்த கலவை எளிதில் இளகாது. இளகவைக்கக் கொத்தனார் மேலும் தண்ணீர் ஊற்றுவார். சிமெண்டுக்கு ஏற்ற அளவை மீறி நீர் சேரும்போது கான்கிரீட்டின் வலிமை குறைகிறது. பல இடங்களில் எம்-சாண்டின் மேல் சுமத்தப்படும் பழி உண்மையில் இத்தூளையும் மிகை நீரையுமே சாரும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, ஆற்று மணலுக்குப் போன்றே உடைகல் மணலுக்கும் வரையறை தருகிறது. 75 மைக்ரானுக்கும் நுண்ணிய பொருள் இயற்கை மணலில் 3 விழுக்காட்டையும், உடைகல் மணலில் 15 விழுக்காட்டையும் மிகலாகாது. இவ்வேறுபாட்டின் காரணத்தை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ஆற்று மணலின் நுண்பொருள் பெரும்பாலும் களிமண்; அது சிமெண்டின் பிடிப்பைக் கெடுக்கும். உடைகல் மணலில் இருப்பது கல்மாவு. அளவோடு இருந்தால் இடைவெளிகளை நிரப்பும். எனவே கண்ணாடிக் குடுவையில் நீர் ஊற்றிப் படிவைப் பார்க்கும் வழக்கமான சோதனை இங்கே போதாது. படிந்தது களிமண்ணா கல்மாவா என்று அது சொல்லாது. மெத்திலீன் நீலச் சோதனை இதனைக் காட்டும்.

இத்தர நிர்ணயம் 2016இல் திருத்தப்பட்டபோது, உருக்காலைக் கசடு, இடித்த கான்கிரீட் முதலியவற்றிலிருந்து பெறும் பொருள்களுக்கும் வரம்புகளுடன் இடமளிக்கப்பட்டது. மலையின் சுமையைக் குறைக்கும் வழி இதில் உள்ளது.

வாங்குவோர் கணக்கு

ஈர மணல் கன அளவில் ஊதும். ஊதல் 25 விழுக்காடாயின், 100 கன அடிக்குப் பணம் கொடுத்தவர் பெறுவது 80 கன அடி உலர் மணலே. கழுவிய எம்-சாண்டுக்கும் இது பொருந்தும். ஈரப்பதத்தைக் கழித்து எடைக் கணக்கில் வாங்குவதே சிறு வீடு கட்டுவோர்க்குப் பாதுகாப்பு. எம்-சாண்டுக்கு ஏற்பக் கலவை விகிதத்தையும் புதிதாக வகுக்க வேண்டும். பழைய விகிதத்தை அப்படியே கையாள்வது தவறு.

செய்யத்தக்கன

அரசுத் துறைகளே கட்டுமானப் பொருள்களைப் பெரும் அளவில் வாங்குவோர். ஒப்பந்தங்களில் ‘மணல்’ என்று மட்டும் எழுதாமல், உடைகல் மணலின் தரத்தையும் சோதனைகளையும் குறிப்பிடுதல் வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் சல்லடைப் பகுப்பு அறிக்கை கேட்டல் வேண்டும். விலைப்பட்டியலில் எம்-சாண்டும் கிரஷர் தூளும் தனித்தனி இனங்களாக இடம்பெற வேண்டும். குவாரி உரிமம் வழங்குமுன் மலைச்சரிவின் உறுதியும் குடியிருப்புகளின் தொலைவும் ஆராயப்பட வேண்டும். கட்டட இடிபாடுகளைப் பிரித்துப் பயன்படுத்தும் ஆலைகளுக்கு ஊக்கம் அளிக்க வேண்டும்.

கேரளத்து ஆறுகள் தாழ்ந்த பின்னரே அங்குச் சட்டம் வந்தது. குவாரிகளைப் பொறுத்தவரை நாம் அவ்வாறு காலந்தாழ்த்தலாகாது. ஆற்றங்கரைக் கிணற்றுக்கும் மலையடிக் குடியிருப்புக்கும் நேரும் இழப்பைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் திட்டமே முழுமையான திட்டமாகும்.