செய்தியைச் சுமப்பவர் இப்போது நாம்தான்

ஒரு செய்தி நம் கைக்கு வருமுன் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, அதை உருவாக்குவது. மற்றொன்று, அதைப் பரப்புவது. இந்த இரண்டையும் யார் செய்கிறார்கள், அதில் யாருக்கு என்ன ஆதாயம் என்று தெரிந்துகொண்டால், கைபேசியில் வரும் செய்திகளை எப்படி அணுகுவது என்பதும் தெளிவாகிவிடும்.

அன்று

உலகச் செய்திகளைத் திரட்டுவது நீண்ட காலம் சில பெரிய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. 1846-இல் நியூயார்க்கில் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், 1851-இல் லண்டனில் தொடங்கிய ராய்ட்டர்ஸ், பாரிஸிலிருந்து இயங்கும் ஏ.எஃப்.பி. ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கெய்ரோவில் நடந்ததைக்கூட நாம் பெரும்பாலும் மேற்கத்திய நகரங்களின் வழியாகத்தான் அறிந்தோம். இந்த ஏற்றத்தாழ்வை யுனெஸ்கோ அமைத்த மெக்பிரைட் குழு 1980-இல் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. 1996-இல் கத்தாரிலிருந்து அல் ஜஸீரா தொடங்கப்பட்டபோது, அரபுலகச் செய்தி அரபு மண்ணிலிருந்தே உலகெங்கும் போனது. ஆனால் அதற்கும் கத்தார் அரசின் நிதி இருக்கிறது. எந்த ஊடகமானாலும் செலவு யாருடையது என்று கேட்பது நல்ல பழக்கம்.

இன்று

2004-இல் ஃபேஸ்புக், 2005-இல் யூடியூப், 2009-இல் வாட்ஸ்அப் வந்தன. அச்சகமும் ஒளிபரப்பு நிலையமும் இல்லாமலே எவரும் செய்தி தரலாம் என்றானது. இதில் நன்மை உண்டு. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாகச் செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. அங்குள்ள பாலஸ்தீனச் செய்தியாளர்களும் சாதாரண மக்களும் எடுத்த படங்கள் வழியாகவே உலகம் அந்தத் துயரைப் பெருமளவு கண்டது.

ஆனால் பரப்பும் வேலையை இப்போது ஆசிரியர் செய்வதில்லை. ஃபேஸ்புக், யூடியூப் போன்றவற்றில் எதை முன்னே காட்டுவது என்பதைக் கணினி நிரல் முடிவு செய்கிறது. நாம் அதிக நேரம் பார்த்தால் அதிக விளம்பரம். அதுவே அவர்களின் வருமானம். கோபமும் அச்சமும் ஊட்டுபவை அதிகம் பார்க்கப்படுகின்றன, அதனால் மேலும் பரவுகின்றன. அது உண்மையா என்று அந்த நிரல் கேட்பதில்லை.

இலங்கை தந்த பாடம்

2018 பிப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி கிளம்பியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று பின்னர் அரசுப் பரிசோதனையில் தெரிந்தது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அரசு அவசரநிலை அறிவித்து, சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்திடம், சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்து நீக்க அப்போது போதிய ஆட்கள் இருக்கவில்லை. செய்தி உலகெங்கும் போகிறது, பொறுப்பு அதே வேகத்தில் கூடவே போவதில்லை.

நம் நாட்டிலும் அதே ஆண்டு, பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அப்பாவிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். துபாயில் இருக்கும் வாப்பாவே அனுப்பியிருந்தாலும் அவர் அதை எழுதியவர் அல்லர். அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.
2. எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.
3. படத்தை கூகுள் லென்ஸில் தேடினால், அது பழைய படமா, வேறு நாட்டுப் படமா என்று பல நேரம் தெரிந்துவிடும்.
4. தவறானதை அனுப்பிவிட்டால் அழிப்பதோடு நிற்காமல், அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.

செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்த நேரும் என்று திருக்குர்ஆனின் 49-வது அத்தியாயம், 6-வது வசனம் எச்சரிக்கிறது. வதந்தியால் எரிந்த கடைகளில் நம் சமுதாயத்தாரின் கடைகளும் உண்டு. அந்த வலியை அறிந்த நாம், பிற சமுதாயத்தாரைப் பற்றி வரும் செய்தியையும் அதே கவனத்தோடு விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த வாரம் உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்த ஒரு செய்தியை எடுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அது எங்கே தொடங்கியது என்று தேடிப் பாருங்கள்.