முற்றுப்புள்ளி எங்கே? போர்க்காலக் கட்டுரைகளில் வாக்கியப் பிழை திருத்தம்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி மாணவர்கள் கட்டுரை எழுதும்போது, இரண்டு வாக்கியப் பிழைகள் அடிக்கடி காணப்படுகின்றன. ஒன்று, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீண்டுகொண்டே செல்லும் வாக்கியம். மற்றொன்று, முடிவதற்கு முன்பே அறுந்து நிற்கும் குறைத்தொடர்.

போரைப் பற்றிய கட்டுரையில் இப்பிழைகள் மிகுவதற்குக் காரணம் உண்டு. குண்டுவீச்சு, பஞ்சம், நோய், சாவு என நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிட மனம் விரைகிறது. சில இடங்களில் மேலே சொல்ல முடியாமல் தயங்குகிறது. அந்த விரைவிலும் தயக்கத்திலும், யார் யாருக்கு என்ன செய்தார் என்னும் உண்மை மறைந்துவிடுகிறது. ஆகவே, இங்கு வாக்கியத்தைத் திருத்துவது மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று.

நீண்டு செல்லும் வாக்கியம்

மாணவர் கட்டுரைகளில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தைக் காண்போம்.

“1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கி பிரிட்டிஷ் படை பின்வாங்கி 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்து ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் வேலை இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று இளைஞர்கள் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு பலர் இறந்து 1945இல் போர் முடிந்தது.”

இதில் உள்ள செய்திகள் சரியானவை. ஆனால், தரையிறங்கி, பின்வாங்கி, வீழ்ந்து, நின்று, இல்லாமல், தின்று, கொண்டு செல்லப்பட்டு, இறந்து என எட்டு வினையெச்சங்கள் வரிசையாக வந்துள்ளன. வினைமுற்று ஒன்றே ஒன்றுதான். அது ‘முடிந்தது’ என்பது.

இங்கே இலக்கண விதி ஒன்று மீறப்பட்டுள்ளது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் அது கொண்டு முடியும் வினைமுற்றும் பொதுவாக ஒரே எழுவாயைப் பெற வேண்டும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதுபோல, காரணமும் விளைவும் தெளிவாக இணையும் சில இடங்களில் மட்டுமே எழுவாய் மாறலாம். மேற்கண்ட வாக்கியத்தில் தரையிறங்கியது ஜப்பானியப் படை, பின்வாங்கியது பிரிட்டிஷ் படை, வீழ்ந்தது சிங்கப்பூர், முடிந்தது போர். மரவள்ளிக்கிழங்கைத் தின்றவர் யார் என்பதோ சொல்லப்படவே இல்லை.

இலக்கணப் பிழையோடு இன்னொரு குறையும் உண்டு. தமிழ் வாக்கியத்தின் அழுத்தம் பெரும்பாலும் அதன் வினைமுற்றில் விழும். இங்கே ‘பலர் இறந்து’ என்பது, அடுத்த சொல்லுக்குப் போகும் வழியில் ஓர் எச்சமாக நிற்கிறது. மனிதர்களின் சாவுக்கு ஒரு வினைமுற்றுகூடக் கிடைக்கவில்லை.

திருத்திய வடிவம்:

“1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கித் தெற்கு நோக்கி முன்னேறியது. அது முன்னேற முன்னேற, பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றதால் தோட்டத் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தனர். அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டனர். ஜப்பானியர் தோட்டத்து இளைஞர்களைச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். அங்குப் பலர் இறந்தனர். 1945இல் போர் முடிந்தது.”

எழுவாய் மாறும் இடத்தில் முற்றுப்புள்ளி வந்துள்ளது. எழுவாய் மாறினாலும் நிகழ்ச்சிகளை இணைத்தே சொல்ல வேண்டிய இடத்தில், ‘முன்னேற’ என்னும் ‘செய’ வாய்பாட்டு எச்சம் பயன்பட்டுள்ளது. ‘பலர் இறந்தனர்’ என்பது இப்போது தனி வாக்கியம். படிப்பவர் அங்கே ஒரு கணம் நிற்பார்.

காற்புள்ளியால் மட்டும் இணைப்பதும் இவ்வகைப் பிழையே. “ஜார்ஜ் டவுனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின, மக்கள் ஓடினர், கடைகள் எரிந்தன” என்பதில் மூன்று எழுவாய்கள், மூன்று வினைமுற்றுகள் உள்ளன. இவற்றை முற்றுப்புள்ளியிட்டு மூன்று வாக்கியங்களாக எழுதலாம். ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெறும்போது அரைப்புள்ளி பொருந்தும். “மக்கள் கூச்சலிட்டனர்; தெருவில் ஓடினர்; கிடைத்த இடத்தில் ஒளிந்தனர்” என்பது சரியான வாக்கியம்.

அறுந்து நிற்கும் குறைத்தொடர்

இரண்டாம் வகைப் பிழைக்கு எடுத்துக்காட்டு இது.

“சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை. அதைப் போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள். காட்டில் காலராவும் மலேரியாவும் பரவியதால். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் திரும்பி வராமல்.”

நான்கு முற்றுப்புள்ளிகள் இருந்தும் ஒரு வாக்கியம்கூட நிறைவு பெறவில்லை. ‘தமிழர்கள்’ என்னும் எழுவாய்க்குப் பயனிலை இல்லை. ‘பரவியதால்’ என்பது காரணத்தைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. ‘வராமல்’ என்னும் எதிர்மறை வினையெச்சம் எந்த வினையையும் கொண்டு முடியவில்லை.

எழுவாய் வெளிப்படையாக இல்லாத வாக்கியங்கள் எல்லாம் குறைத்தொடர்கள் அல்ல. “தாத்தா சயாமுக்குப் போனார். திரும்பி வரவில்லை” என்பதில், இரண்டாம் வாக்கியத்தின் எழுவாய் முன் வாக்கியத்திலிருந்து விளங்குகிறது. அது தோன்றா எழுவாய். அதுபோலவே, “அந்த இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர்” என்பதில் வினைச்சொல் இல்லை; ஆயினும் பெயர்ப் பயனிலை இருப்பதால் அது முழுமையான வாக்கியமே.

குறைத்தொடரைத் திருத்த, விடுபட்ட பயனிலையைத் தேட வேண்டும். காலரா பரவியதால் என்ன நடந்தது? கொள்ளுத்தாத்தா என்ன ஆனார்? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் வாக்கியம் முடியும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டோ நூல்களைப் படித்தோ விடை காணலாம். எங்கும் விடை கிடைக்காவிட்டால், வாக்கியத்தை முடிப்பதற்காக எதையும் கற்பனை செய்யக் கூடாது. தெரியாது என்பதையும் முழு வாக்கியத்தில் எழுத முடியும்.

“1942இல் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போடத் தொடங்கியது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு சென்றது. சிலர் நல்ல சம்பளம் கிடைக்கும் என்று நம்பிச் சென்றனர். பலரைப் படையினர் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றனர். காட்டு முகாம்களில் காலராவும் மலேரியாவும் பரவியதால் பெரும் எண்ணிக்கையில் தொழிலாளர்கள் மடிந்தனர். எங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பி வரவில்லை. அவர் எங்கே இறந்தார் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியாது.”

இத்தகைய வாக்கியங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தப் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் உள்ளன. அங்கு மடிந்த ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவர்களுள் மிகப் பலரின் பெயர்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு குடும்பத்தின் நினைவை மாணவர் ஒருவர் முழுமையாக எழுதினால், அதுவே அந்த மனிதரைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவாக அமையலாம்.

வெட்டுவது மட்டும் திருத்தம் ஆகாது

நீண்ட வாக்கியத்துக்கு அஞ்சி எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக்குவதும் நல்லதன்று. “பாதை நீளமானது. மழை பெய்தது. வேலை நடந்தது. உணவு இல்லை. ஆட்கள் இறந்தனர்” என்று எழுதினால் பிழை இல்லை. ஆனால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. மழையைப் போலச் சாவும் தானாக வந்ததாகத் தோன்றுகிறது. “பாதையை விரைந்து முடிக்க வேண்டும் என்பதற்காக ஜப்பானிய இராணுவம் கொட்டும் மழையிலும் வேலை வாங்கியது. போதிய உணவும் மருந்தும் கொடுக்காததால் தொழிலாளர்கள் நோய்க்குப் பலியாயினர்” என்று கலவை வாக்கியங்களாக எழுதும்போது காரணம் விளங்குகிறது, பொறுப்பு யாருடையது என்பதும் விளங்குகிறது.

செயப்பாட்டு வினையையும் இதே நோக்கில் கவனிக்க வேண்டும். ‘இளைஞர்கள் கொண்டு செல்லப்பட்டனர்’ என்பது பிழையற்ற வாக்கியம். ஆனால், கொண்டு சென்றவர் யார் என்பது அதில் இல்லை. செய்தவர் யார் என்று தெரிந்திருந்தால், அதை எழுதுவதே நேர்மை.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்து, பின்வரும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இதன் எழுவாய் எது? நடுவில் எழுவாய் மாறியுள்ளதா?
2. இதற்குப் பயனிலை உண்டா? வாக்கியம் எச்சத்திலேயே நின்றுவிட்டதா?
3. மிக முக்கியமான செய்தி வினைமுற்றாக வந்துள்ளதா?

பயிற்சி

பின்வரும் பகுதியைப் பிழை நீக்கி எழுதுக. காரணத்தையும் விளைவையும் ஏற்ற இடத்தில் இணைக்கவும்.

“விமானச் சத்தம் கேட்டு கொள்ளுப்பாட்டி தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி குண்டு விழுந்து வீடு எரிந்து அக்கம்பக்கத்தார் வந்து தண்ணீர் ஊற்றினர். அன்றிரவு கோயில் மண்டபத்தில் தங்கிய குடும்பங்கள். அரிசி தீர்ந்துபோனதால். அப்பாவைத் தேடிப் போன மாமாவும் திரும்பி வராமல்.”