சூதாட்டம் யாருடைய சிக்கல்?

2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது சிங்கப்பூரில் ஒரு விளம்பரம் வெளியானது. நண்பர்கள் தங்களுக்குப் பிடித்த அணிகளைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் முகம் வாடியிருக்கிறான். ஜெர்மனி வெல்ல வேண்டும் என்கிறான் அவன். அவனுடைய சேமிப்பு முழுவதையும் எடுத்து, அவன் தந்தை ஜெர்மனிமீது பந்தயம் கட்டியிருக்கிறார்!

சூதாட்டத்தின் தீங்கை உணர்த்தவே பிரச்சினைமிக்க சூதாட்டத்திற்கான தேசிய மன்றம் அந்த விளம்பரத்தை வெளியிட்டது. ஆனால், அந்த ஆண்டு ஜெர்மனியே கிண்ணத்தை வென்றது. அந்தத் தந்தைக்கு நல்ல காலம் என்று பலரும் கேலி பேசினர். மன்றம் விளம்பரத்தின் முடிவை மாற்றியது. உன் சேமிப்பு திரும்பக் கிடைத்ததா என்று தோழி கேட்கிறாள். இல்லை, அப்பா இன்னொரு முறை பந்தயம் கட்ட நினைக்கிறார் என்று சிறுவன் பதில் சொல்கிறான்.

முதலில் வந்த விளம்பரத்தைவிட இந்தத் திருத்தமே உண்மைக்கு நெருக்கமானது. தோற்றவர் விட்டதைப் பிடிக்க ஆடுகிறார். வென்றவர் இன்னும் வேண்டும் என்று ஆடுகிறார். இருவருமே மேசையை விட்டு எழுவதில்லை.

இத்தகையவரைப் பொறுப்பற்றவர், மன உறுதி இல்லாதவர் என்று ஒதுக்குவதே உலக வழக்கமாக இருந்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. திருக்குறளில் ‘சூது’ 94ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் ‘கள்ளுண்ணாமை’, அதற்கு அடுத்து ‘மருந்து’. இந்த வரிசையும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒன்றை நோய் என்று ஏற்றுக்கொண்டால், அதை அணுகும் முறையும் மாற வேண்டும். டெங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது மருத்துவமனையின் வேலை. ஆனால், அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று பூச்சாடியின் அடித்தட்டில் தேங்கிய நீரைச் சோதிப்பது யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே நடக்கிறது. இதுவே பொதுச் சுகாதார அணுகுமுறை. ‘இவர் ஏன் இப்படி ஆனார்?’ என்பதோடு நிற்காமல், ‘இவரைச் சுற்றி என்ன இருந்தது?’ என்றும் அது கேட்கிறது.

2005ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு இந்தக் கேள்வி அவசரமானது. இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களில் சூதாட்டக்கூடங்கள் அமைய அரசாங்கம் அனுமதி வழங்கியது. அவை 2010இல் திறக்கப்பட்டன. கதவு திறப்பதற்கு முன்பே தடைகளும் திட்டமிடப்பட்டன. 21 வயதுக்குக் குறைந்தவர் நுழைய முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2019இல் அது 150 வெள்ளியாக உயர்ந்தது. போகிற போக்கில் எட்டிப் பார்க்க நினைப்பவரை இத்தொகை தயங்க வைக்கும். அதே வேளையில், கட்டணம் செலுத்திவிட்டோமே, அதையும் சேர்த்து வென்றுவிட வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். எந்தத் தடையும் எல்லாரிடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

நுழைவுக் கட்டணத்தைவிட ஆழமான ஏற்பாடு விலக்கு ஆணை. தம்மால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று உணர்பவர், தம்மை உள்ளே விடக் கூடாது என்று தாமே பதிந்துகொள்ளலாம். கடனில் நொடித்துப்போனவர்கள் விண்ணப்பம் இல்லாமலேயே விலக்கப்படுகிறார்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரும் ஆணை கோரலாம். ஒரு குழு இரு தரப்பையும் விசாரித்து முடிவு செய்யும். சொந்தக் கணவருக்கு எதிராக விண்ணப்பம் எழுதுவது எந்த மனைவிக்கும் எளிதல்ல. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் ஒரே இரவில் கரைந்த பிறகே பலர் அந்த முடிவுக்கு வருகிறார்கள். அந்த ஆணை கணவரைக் குற்றவாளியாக்குவதில்லை. சூதாட்டக்கூடத்தின் வாசலை மட்டும் அடைக்கிறது.

மன்றத்தின் ஆய்வுகளின்படி, சூதாட்டச் சிக்கல் இருக்கக்கூடியோர் 2011இல் 2.6 விழுக்காடாக இருந்தனர். 2014இல் அது 0.7 விழுக்காடு. இந்தச் சரிவை ஒரே நடவடிக்கையின் பலன் என்று கூற இயலாது. ஆயினும், சூதாட்டக்கூடங்கள் வந்ததும் சிக்கல் பெருகிவிடும் என்ற அச்சம் அந்த ஆண்டுகளில் மெய்யாகவில்லை.

அக்கம்பக்கக் கடைகளில் வாங்கும் ‘ஃபோர் டி’ சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே கணக்கு உதவும். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வெள்ளி ‘பெரிய’ பந்தயம் கட்டி, 10,000 எண்களையும் ஒருவரே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் பரிசுகளும் அவருக்கே கிடைக்கும். அவற்றின் மொத்தம் 6,590 வெள்ளிதான்! கனவில் வந்த எண்ணும் விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

கைப்பேசியில் நிலைமை இன்னும் கடினம். அங்கே வாசலும் இல்லை, காவலரும் இல்லை. சட்டவிரோத இணையச் சூதாட்டத் தளங்களை முடக்க 2014இல் இயற்றப்பட்ட சட்டம் வழிசெய்தது. ஒரு தளத்தை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது. படுக்கையறையில், போர்வைக்குள் நடக்கும் பந்தயம் வெளியில் தெரிவதில்லை. வீட்டில் இருப்பவர்களே அடையாளங்களை முதலில் கவனிக்கிறார்கள்: காரணம் கூறாமல் கேட்கப்படும் கடன், காணாமல்போகும் நகை, மறைத்து வைக்கப்படும் வங்கிக் கடிதம். மன்றத்தின் உதவித் தொலைபேசிச் சேவையை அழைப்பவர் சூதாடுபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய மனைவியோ தாயோ பிள்ளையோ அழைத்தாலும் ஆலோசகர் பேசுவார்.