அறிந்தால் மட்டும் போதுமா?
யூனான் நாட்டு அறிஞர்களும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும்

 

யூனானி மருந்து என்றால் நம் வீடுகளில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கமீரா, மஃஜூன் என்று பெயர் சொல்லியே வாங்கி வருகிறோம். யூனான் என்பது கிரேக்க நாட்டுக்கு அரபியர் வழங்கிய பெயர். அம்மருத்துவத்தின் முன்னோடிகளான புக்ராத்தும் ஜாலீனூஸும் கிரேக்கர்களே. ஆனால் அதே நாட்டின் சுக்ராத் (சாக்ரடீஸ்), அஃப்லாத்தூன் (பிளேட்டோ), அரஸ்தூ (அரிஸ்டாட்டில்) ஆகியோரின் பேச்சு நம் அரபிக் கிதாபுகளில் வருகிறது என்றால், "தீனுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை, நம் பிள்ளைகளை நாம் வளர்க்கும் முறையையே தொட்டுப் பேசுவதாகும்.

திருவல்லிக்கேணி வரை வந்த கல்வி

அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில், பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. அப்பணியில் தலைசிறந்தவர் 873-இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர். மருத்துவ நூல்களோடு, சிந்திக்கும் முறையைச் சொல்லும் மன்திக் கலையும் ஒழுக்க இயலும் வந்து சேர்ந்தன. மத்ரஸாவில் மன்திக் ஓதும் பிள்ளை முதலில் கையில் எடுக்கும் 'ஈஸாகோஜி' என்ற சிறு கிதாபின் பெயரே கிரேக்கச் சொல்தான்.

இக்கல்வி நம் சென்னைக்கும் வந்தது. லக்னோ ஃபரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள் வகுத்த பாடத்திட்டமே தர்ஸே நிஜாமி. அன்னாரின் மகனார் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, இங்கேயே ஓதிக் கொடுத்தார்கள். மன்திக் கலையின் 'சுல்லமுல் உலூம்' என்ற கிதாபுக்கு விரிவுரை எழுதிய அவர்களே, மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவிக்கும் விரிவுரை எழுதினார்கள். 1810-இல் வஃபாத்தாகி, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். பருத்திப்பட்டு, ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நாம் ஒரே நாளில் ஜியாரத் செய்து திரும்பும் தூரம்தான்.

சுக்ராத்தின் கேள்வி

சுக்ராத் நூல் எதுவும் எழுதவில்லை. ஏதன்ஸ் நகரத்துத் தெருக்களில் நின்று மக்களிடம் கேள்வி கேட்டார். "வீரம் என்றால் என்ன? நீதி என்றால் என்ன? தெரியும் என்கிறாயே, சொல் பார்ப்போம்" என்பது அவர் பாணி. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டு, கி.மு. 399-இல், ஏறக்குறைய எழுபது வயதில், நஞ்சு அருந்தும் தண்டனை பெற்றார். தப்பியோட நண்பர்கள் வழி செய்தும் அவர் இசையவில்லை.

அவருடைய கருத்து இதுதான்: நற்குணம் என்பது அறிவே. தீமையைத் தீமை என்று மெய்யாகவே அறிந்தவன் அதைச் செய்யமாட்டான். செய்கிறான் என்றால் அவன் இன்னும் அறியவில்லை என்றே பொருள். இதை அவருடைய மாணவர் அஃப்லாத்தூன் எழுதி வைத்தார்.

கேட்கும்போது உண்மை போலத் தோன்றுகிறது. ஆனால் வட்டி ஹராம் என்று அறியாதவர் நம்மில் யார்? புறம் பேசுவது பாவம் என்று தெரியாத வீடு உண்டா? அறிந்தே அல்லவா செய்கிறோம்!

அரஸ்தூவின் மறுப்பு

அஃப்லாத்தூனின் மாணவரான அரஸ்தூ (கி.மு. 384–322) இந்த இடத்தில்தான் மாறுபட்டார். மனிதன் நல்லதை அறிந்திருந்தும் இச்சைக்குத் தோற்றுப்போகிறான் என்பதைக் கண்டார். போதையில் இருப்பவனும் பெரும் புலவரின் அடிகளை ஒப்புவிப்பான். அதனால் அவன் அறிந்தவன் ஆகிவிடுவானா என்று கேட்டார். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு அதன்படி நடக்காதவர்கள், மருத்துவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு மருந்தை மட்டும் உண்ணாத நோயாளிகள் என்றார்.

அப்படியானால் நற்குணம் எப்படி வரும்? பழக்கத்தால் வரும் என்பது அவர் விடை. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாராகிறான். நீதியாக நடந்து நடந்தே நீதிமானாகிறான். ஒவ்வொரு நற்குணமும் இரு கேடுகளுக்கு நடுவில் இருக்கிறது என்றும் சொன்னார்: கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் வீரம், கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் கொடை.

இமாம் அவர்களின் தராசு

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 505, கி.பி. 1111-இல் வஃபாத்) இவற்றையெல்லாம் ஆழக் கற்றார்கள். தத்துவவாதிகளை மறுத்து 1095-இல் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' எழுதினார்கள். இருபது விஷயங்களில் அவர்களின் தவறை எடுத்துக்காட்டி, மூன்றை குஃப்ர் என்றே தீர்ப்பளித்தார்கள்: உலகம் ஆதியற்றது என்பது, அல்லாஹ் தனித்தனி நிகழ்வுகளை அறியமாட்டான் என்பது, உடல்கள் எழுப்பப்படமாட்டா என்பது.

ஆயினும் நல்லதை ஒதுக்கித் தள்ளவில்லை. காசுக்கடைக்காரர் கள்ள நாணயக்காரனின் பையில் கைவிட்டு நல்ல பொன்னைப் பிரித்தெடுப்பார். உரைத்துப் பார்க்கத் தெரியாதவர் அந்தப் பைக்கு அருகே போகக்கூடாது. இது இமாம் அவர்கள் தந்த உவமை. அறிவு, வீரம், கற்பொழுக்கம், நீதி என்று அஃப்லாத்தூன் வகுத்த நான்கு அடிப்படைக் குணங்களையும் நடுநிலையையும் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் எடுத்தாண்டார்கள். ஆனால் அந்த நடுநிலையை அளக்கும் கோலாக அறிவோடு ஷரீஅத்தையும் வைத்தார்கள். முடிவான இலக்காக மறுமையை வைத்தார்கள். கிரேக்கரிடம் இல்லாதது இதுவே.

சுக்ராத்தின் கேள்விக்கு அல்குர்ஆனிலேயே விடை இருக்கிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார் மூஸா (அலை) அவர்களின் அத்தாட்சிகளை உள்ளத்தில் உறுதியாக அறிந்துகொண்டே, அநியாயத்தாலும் ஆணவத்தாலும் மறுத்ததைச் சூரத்துந் நம்ல் கூறுகிறது. அறியாமை அல்ல, ஆணவமே அவர்களை அழித்தது. பயனளிக்காத கல்வியை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியதன் பொருளும் இங்கே விளங்கும்.

வீட்டுக்கு என்ன பாடம்?

"அவன் குணமே அப்படி, மாறாது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். இமாம் அவர்கள் இதை ஏற்கவில்லை. காட்டில் திரியும் வல்லூறு பழக்கினால் கைக்கு வருகிறது. முரட்டுக் குதிரை கடிவாளத்துக்கு அடங்குகிறது. மனிதன் மட்டும் மாறமாட்டானா? பேரீச்சங்கொட்டை இன்று மரமல்ல; பேணி வளர்த்தால் மரமாகும்.

அழகாக எழுத விரும்புகிறவன் கைதேர்ந்தவனைப் போல நாள்தோறும் எழுதிப் பழகுகிறான். முதலில் வலிந்து செய்தது பிறகு இயல்பாகிவிடுகிறது. கஞ்சன் கொடுத்துப் பழகவேண்டும். கோபக்காரன் பொறுத்துப் பழகவேண்டும்.

பிள்ளை வளர்ப்புக்கு இமாம் அவர்கள் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் உள்ளம் எதுவும் செதுக்கப்படாத மாணிக்கம். பிஸ்மி சொல்லி, வலக்கையால், தன் முன்னால் உள்ளதை எடுத்து உண்பதிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடவேண்டும். ஓயாத பாடச்சுமை உள்ளத்தைச் சாகடித்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். பள்ளிக்கூடம், டியூஷன், மத்ரஸா என்று பிள்ளையை ஓட ஓட விரட்டும் பெற்றோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

பிள்ளை எத்தனை சூரா மனனம் செய்திருக்கிறது என்று விருந்தினரிடம் பெருமையாகச் சொல்கிறோம். நல்லதே. அந்தச் சூரா வேலைக்கார அம்மாவிடம் அப்பிள்ளை பேசும் பேச்சில் தெரிகிறதா, தம்பிக்குப் பங்கு கொடுக்கும் கையில் தெரிகிறதா என்றும் பார்ப்போம். அதற்கு முன், நம்மிடம் தெரிகிறதா என்று பார்ப்போம். பிள்ளை பழகுவது நம்மைப் பார்த்துத்தானே!

அறிந்ததை அமலாக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.