பாலை கடக்கும் பயணம்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் நடுவே சிம்ப்சன் என்னும் பாலைவனம் பரந்து கிடக்கிறது. அங்குள்ள செம்மணற் குன்றுகள் உழுத நிலத்தின் சால்கள் போல ஒன்றற்கொன்று இணையாக, வடக்குத் தெற்காக நீண்டு செல்வன. மேற்கிலிருந்து கிழக்கே செல்வோர் இவற்றுள் ஓராயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஏறி இறங்குதல் வேண்டும். 1936-ஆம் ஆண்டில் கோல்சன் என்பார் அந்நாட்டுப் பழங்குடித் தோழர் ஒருவருடன் ஒட்டகங்களின் துணைகொண்டு இதனைக் கடந்தார். 1962-இல் ஸ்பிரிக் என்னும் நிலநூல் அறிஞர் தம் குடும்பத்துடன் மோட்டார் வண்டியிற் கடந்தார். இன்று பலரும் அவ்வழியே செல்கின்றனர். எனினும், பயணத்தின் வெற்றி புறப்படுமுன் செய்யும் கணக்கிலேயே அடங்கியுள்ளது.

முதற்கண் எண்ண வேண்டுவது காலம். கோடையில் அங்கு வெப்பம் 45 பாகைக்கு மேலும் ஏறும். ஆதலின் டிசம்பர் முதல் நாள் தொடங்கி மார்ச் 15 வரை அப்பாலைப் பூங்காக்கள் மூடப்படுகின்றன. அந்நாட்டுக் குளிர்காலமே பயணத்திற்கு ஏற்றது. அடுத்து எண்ண வேண்டுவது திசை. குன்றுகளின் மேற்குச் சரிவு மென்மையானது. கிழக்குச் சரிவு செங்குத்தானது. எனவே மேற்கிலிருந்து புறப்படுவோர்க்கு ஏற்றம் எளிதாகும்.

மூன்றாவது, நீரும் எரிபொருளும். மேற்கே மவுண்ட் டேர் என்னுமிடத்திற்கும் கிழக்கே பேர்ட்ஸ்வில் என்னும் சிற்றூருக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. இடையில் எரிபொருள் கிடைக்கும் இடம் ஒன்றுமில்லை. மணலில் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் செலவாகும் வண்டிக்கு 100 லிட்டர் வேண்டும். வழி அடைபட்டுத் திரும்ப நேர்ந்தால் அது போதாது. நால்வர் நான்கு நாள் செல்வதாகக் கொள்வோம். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 7 லிட்டர் நீர் என்றால் 112 லிட்டர் ஆகும். வண்டி பழுதுற்று மூன்று நாள் தங்க நேரின் மேலும் 84 லிட்டர் வேண்டும். ஆக 196 லிட்டர். அதன் எடையோ 196 கிலோ. சுமை மிகுந்தால் வண்டி மணலிற் புதையும்; எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ஆகவே அறிவுடையோர் நீரைக் குறையார். பிற பொருள்களையே குறைப்பர். அந்நீரையும் ஒரே கலத்தில் வையாது, பல கலங்களிற் பகிர்ந்து வைப்பர்.

சக்கரங்களின் காற்றைக் குறைத்தால் அவை மணலிற் புதையாது உருளும். குன்றின் மறுபுறம் வருவோர் காணுமாறு வண்டியின் முன்னே உயர்ந்த கோலிற் கொடி கட்டுவர். வானொலிக் கருவியும் செயற்கைக்கோள் தொலைபேசியும் உடன் கொள்வர். செல்லும் வழியையும் மீளும் நாளையும் பொறுப்புடைய ஒருவரிடம் கூறிச் செல்வர்.

இவற்றுட் சிலவற்றை மறந்ததன் விளைவு கொடியது. 1963 டிசம்பரில், இப்பாலையை அடுத்த பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பத்தினர் ஐவர் வழி தவறினர், பெட்ரோலும் தீர்ந்தது. அவர்கள் வண்டியை விட்டு நீர் தேடி நடந்து, ஐவரும் உயிர் துறந்தனர். வானத்திலிருந்து தேடுவோர்க்கு வண்டி எளிதிற் புலப்படும். நடந்து செல்லும் மனிதர் புலப்படார். நிழல் தருவதும் வண்டியே. ஆதலின் இடருற்றோர் வண்டியை விட்டு நீங்கலாகாது.

மோட்டார் வண்டி தோன்றுமுன்னரே வாங்கங்குரு என்னும் பழங்குடியினர் இப்பாலையில் வாழ்ந்தனர். மணலினூடே ஆழத் தோண்டிய கிணறுகளே அவர்தம் உயிர்நிலை. ஒவ்வொரு கிணறும் எங்குளது என்பதை முன்னோர் வாயிலாகக் கேட்டு நெஞ்சிற் பதித்திருந்தனர். நீர் இருக்குமிடம் அறிந்தே அவர்கள் அடியெடுத்து வைத்தனர். கருவிகள் மாறினும் அந்நெறி மாறவில்லை. எல்லாம் நன்றாய் நிகழும் நாளுக்கு மட்டுமன்றி, இடர் வரும் நாளுக்கும் கணக்கிட்டுப் புறப்படுபவரே பாலையைக் கடப்பர். கணக்கு நிறைவுறாத போது பயணத்தைத் தள்ளி வைப்பதும் அறிவுடைமையே ஆகும்.